முதுநிலைப் பட்டம், அல்லது அதைப் போன்ற ஒன்று

வலிக்காதக்காவுக்கு ரத்தம் எடுக்கத் தெரியாது என்பதைப் பெரிய மருத்துவமனையின் நிர்வாகம் பதினாறு வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கண்டுபிடித்தது. அன்று அதற்குள் அவள் அறுபத்திரண்டு பேரிடம் ரத்தம் எடுத்து முடித்திருந்தாள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத பன்னிரண்டாம் எண் அறையில், கைப்பலகை வைத்த ஒரு நாற்காலிக்கு எதிரே அவள் உட்கார்ந்திருப்பாள். வருகிறவரின் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, விரல் நுனியால் இரண்டு தட்டு தட்டி, "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். "இல்லக்கா" என்று பதில் வருவதற்குள் குழாய் நிரம்பியிருக்கும். "எப்போ குத்தினீங்க?" என்று பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

வாரம் தவறாமல் வரும் வயதான தையல்காரர் ஒருவருக்கு, மருந்து ஏறி ஏறி நரம்புகளெல்லாம் ஓடி ஒளிந்துவிட்டன. வேறு யாராவது தேடினால் மறுநாள் அவர் கை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும். "நான் ஊசியோட பொழைச்சவன்மா. யாருக்கு ஊசி பிடிக்கத் தெரியும்னு பார்த்தாலே சொல்லிடுவேன்" என்பார். அவளைத் தவிர யாரிடமும் கையை நீட்டமாட்டார்.

இப்படிப்பட்டவளை நிர்வாக அதிகாரி தன் அறைக்கு அழைத்து ஒரு சுற்றறிக்கையை வாசித்துக் காட்டினார். நோயாளியின் உடலைத் தொடும் ஊழியர் எவராயினும் உயிர்மருத்துவ அறிவியலிலோ உயிரியல் அறநெறியிலோ முதுநிலைப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். அவகாசம் இரண்டரை ஆண்டுகள்.

"இதை நான் சொல்லலைம்மா. தர மதிப்பீட்டுக் குழு சொல்லுது."

"குழுவுல யாராவது என்கிட்ட ரத்தம் கொடுத்துப் பார்த்தாங்களா சார்?"

"அவங்க ஆளைப் பார்க்க மாட்டாங்க. காகிதத்தைத்தான் பார்ப்பாங்க."

"காகிதத்துல குத்தினா ரத்தம் வராதே சார்."

"வராதுதான். அதனாலதான் அவங்களுக்குக் காகிதம் பிடிக்குது. சுத்தமா இருக்கும்." அவர் நல்ல மனிதர். ஆகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பட்டம் இல்லைன்னா உங்களைக் கீழ கோப்பறைக்கு மாத்திடுவாங்க. அங்க தொடறதுக்கு ஆளே இல்லை. பழைய கோப்புங்கதான்."

பன்னிரண்டாம் எண் அறையை விட்டால் வலிக்காதக்காவுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. கோப்புகளுக்கு நரம்பு கிடையாது என்ற ஒரே யோசனையோடு வீடு வந்து சேர்ந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எதையும் மேலே போகிறதா, கீழே போகிறதா என்று மட்டும் பார்க்கிறவர். "படிச்சிடு போ. பதினாறு வருஷமா தெரிஞ்ச வேலையைப் புதுசா கத்துக்க ரெண்டரை வருஷம்தானே கேக்கறான்? ரொம்பத் தாராளம்" என்றார்.

உயிர்மருத்துவ அறிவியல் மற்றும் அறநெறித் துறையின் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளெலியைப் பஞ்சடைத்து வைத்திருந்தார்கள். 'அறிவியலுக்காகத் தன்னை அளித்தது' என்று கீழே பித்தளைத் தகடு. எலியிடம் யாராவது கேட்டார்களா என்பது தகட்டில் இல்லை.

படிப்பு ஆலோசகர் என்ற பலகைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் புன்னகையோடு எழுந்து நின்றாள்.

"வாங்க மேடம். உக்காருங்க. உக்கார உங்களுக்குச் சம்மதம்தானே?"

"கால் வலிக்குதும்மா, சம்மதம்தான்."

"வாய்ல சொன்னா போதாது." ஒரு படிவத்தை நீட்டினாள். உட்காருவதால் உண்டாகக்கூடிய பின்விளைவுகள் அதில் ஏழு இருந்தன. வலிக்காதக்கா நின்றுகொண்டே படித்து, கையெழுத்துப் போட்டு, உட்கார்ந்தாள். அடுத்து, படிப்புகளின் கையேட்டைப் பெற்றுக்கொள்ளச் சம்மதம். அதைத் திறந்து பார்க்கச் சம்மதம். திறந்த பிறகு மனச்சோர்வு ஏற்பட்டால் துறை பொறுப்பல்ல என்பதற்கு இன்னொன்று.

கையேட்டில் முதுநிலைப் பட்டங்கள் பத்தொன்பது இருந்தன. ஆய்வேட்டோடு ஒன்று, ஆய்வேடு இல்லாமல் ஒன்று, ஆய்வேடு எழுதலாம் ஆனால் யாரும் வாசிக்கமாட்டார்கள் என்று ஒன்று. மருத்துவப் படிப்பில் சேர முடியாதவர்களுக்கு ஒன்று. சேர்ந்துவிட்டு ஏன் சேர்ந்தோம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. அறிவியலையும் அறநெறியையும் சேர்த்துப் படிக்கும் இரட்டைப் பட்டம் இருந்தது. அதில் திங்கள், செவ்வாய் அறிவியல், புதன், வியாழன் அறநெறி. வெள்ளிக்கிழமை இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் இருக்க விடுமுறை. இந்தப் பதினெட்டில் எதற்காவது விண்ணப்பிக்கும் தகுதியைத் தரும் பத்தொன்பதாவது பட்டம் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

"எனக்கு எதும்மா சரியா வரும்?"

ஆலோசகர் சட்டென்று பின்வாங்கினாள். "ஐயோ மேடம், அதை நான் சொல்லவே கூடாது. சொன்னா உங்க சுயமுடிவுல நான் தலையிட்ட மாதிரி."

"அப்போ நீங்க என்னதான் ஆலோசனை சொல்வீங்க?"

"நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொல்வேன். அதுக்குத்தான் நான் முதுநிலை படிச்சேன்."

"சரி, எது சீக்கிரம் முடியும்? அதையாவது சொல்லுங்க."

"சீக்கிரம்னு ஒரு மதிப்பீட்டை உங்க மேல நான் திணிக்க முடியாது மேடம்."

அரை மணி நேரம் போனது. கடைசியில் வலிக்காதக்கா கண்ணை மூடிக்கொண்டு கையேட்டில் விரலை வைத்தாள். ஆலோசகரின் முகம் மலர்ந்தது. "அருமை மேடம்! குலுக்கல் முறை! எங்க தலைவருக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்று அவளை உள்ளே அழைத்துப் போனாள்.

துறைத் தலைவருக்கு வெள்ளைத் தலை, வெள்ளைக் கோட்டு, எதிரில் இருப்பவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் நிற்பதுபோல் அதைப் பார்த்துப் பேசும் வழக்கம்.

"உலகத்துல எந்த மருந்தையும் சோதிக்காம மனுஷனுக்குக் கொடுக்கறதில்லை. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கற மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு கொடுக்கறவனுக்கும் தெரியாது, முழுங்கறவனுக்கும் தெரியாது. ஆனா முதுநிலைப் பட்டத்தை மட்டும் நாப்பது வருஷமா சோதிக்காமலே கொடுத்துட்டு இருக்கோம். அதனால யாருக்காவது நல்லது நடந்துச்சா? தெரியாது. என் மனசாட்சி இதை ஏத்துக்கலை."

"அதனால சார்?"

"அதனால இந்த வருஷத்துலேருந்து பாதிப் பேருக்கு நிஜப் பட்டம். பாதிப் பேருக்கு டம்மி."

வலிக்காதக்கா நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள். "டம்மின்னா வகுப்பே இருக்காதா சார்?"

"வகுப்பு இருக்கும். பாடம் இருக்காது."

"தேர்வு?"

"அதெல்லாம் உண்டு."

"ஃபெயில் ஆயிட்டா?"

"நிஜமாவே ஃபெயில்தான். அதுல நாங்க யாரையும் ஏமாத்தறதில்லை."

"எது நிஜம், எது டம்மின்னு சொல்லிக்கொடுக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா சோதனை கெட்டுடும். நான் கொடுக்கற குறிப்பை அவங்க வாசிப்பாங்க. அதுல விஷயம் இருக்கா, இல்லையான்னு அவங்க என்கிட்ட கேக்கக் கூடாது. இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேட்டதில்லைங்கறது வேற விஷயம்."

"சோதனை இல்லாத பட்டம் எதுவும் கிடையாதா சார்? எனக்கு வேலை போயிடும்."

"முனைவர் பட்டம் இருக்கு. அதையும் சோதிக்கணும்னு கேட்டேன், அனுமதி கிடைக்கலை. மூத்த பேராசிரியர்களோட மனசு புண்படும்னு சொல்லிட்டாங்க." அவர் பெருமூச்சு விட்டார். "ஆனா நீங்க கவலைப்படாதீங்க. இது முழுக்க முழுக்க உங்க விருப்பம். யாரும் கட்டாயப்படுத்தலை. சேராம வெளிய போய் வேலையை இழக்கற சுதந்திரம் உங்களுக்கு எப்பவும் உண்டு."

வேறு துறை கிடையாது. நகரத்தில் இந்தப் பட்டத்தைத் தருகிறவர்கள் இவர்கள் மட்டும்தான். இருபத்திரண்டு பக்கச் சம்மதப் படிவத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருபத்திரண்டு கையெழுத்துப் போட்டாள். யாருக்கு எந்தப் பட்டம் என்ற பட்டியல் ஓர் உறையில் போட்டு ஒட்டப்பட்டு, மூன்று பூட்டுப் போட்ட இரும்பு அலமாரிக்குள் போனது.

அன்று மாலை இதைக் கேட்ட கணவர், கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மேல போகுதா, கீழ போகுதான்னு உள்ள இருக்கறவனுக்கும் தெரியாது, பட்டனை அமுக்கறவனுக்கும் தெரியாது. இந்த மாதிரி லிஃப்டை நான் பூட்டிட்டு வந்துடுவேன்மா."

"எனக்குப் படிக்கட்டு இல்லைங்க" என்றாள் அவள்.

காலையில் ரத்தம், மாலையில் வகுப்பு என்று இரண்டு வருடம் ஓடியது. நாற்பது மாணவர்கள், இருபது பேர் இடது அறை, இருபது பேர் வலது அறை. எது எந்த அறை என்று கண்டுபிடிப்பதே முதல் ஆறு மாதத்துக்குப் படிப்பாக இருந்தது. அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு மருந்துக்கடைக்காரர். கடையில் உட்கார்ந்து எல்லா டாக்டர்களின் கையெழுத்தையும் படிக்கப் பழகியவர் என்பதால், இதையும் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினார்.

"அக்கா, இன்னைக்கு நடத்தினது ஏதாவது விளங்கிச்சா?"

"தலையும் புரியலை, வாலும் புரியலைங்க."

"அப்போ நம்மது நிஜம்தான். டம்மியா இருந்தா புரியற மாதிரி பண்ணியிருப்பாங்க."

மறுவாரம் வலது அறைக்காரர்களிடம் விசாரித்துவிட்டு வந்தார். அவர்களுக்கும் எதுவும் புரியவில்லையாம். மருந்துக்கடைக்காரருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு பேராசிரியர் 'நோயாளி என்பவர் யார்?' என்று மூன்று மாதம் நடத்தினார். நோயாளி என்பவர் ஓர் உறவு என்றார். ஒரு வெளி என்றார். கடைசி வகுப்பில், நோயாளி என்று ஒருவர் இருக்கிறாரா என்பதே சந்தேகம் என்று முடித்தார். காலையில்தான் எழுபது பேரைப் பார்த்துவிட்டு வந்திருந்த வலிக்காதக்கா கையைத் தூக்கினாள்.

"இருக்காங்க சார். வரிசை வாசல் வரைக்கும் நிக்குது."

"அது உங்க அனுபவம்" என்றார் பேராசிரியர், அனுபவம் என்பது தொற்றக்கூடிய ஒன்று என்பதுபோல் ஓரடி தள்ளி நின்று. "நாம இங்க அதுக்கு மேல போகணும்."

செய்முறைத் தேர்வு ரப்பர் கையில் நடந்தது. தோள் முதல் விரல்வரை ரப்பர். உள்ளே சிவப்புத் தண்ணீர். தேர்வாளராக வந்தவர் துறையின் முனைவர் பட்ட மாணவர். பட்டத்துக்குப் பட்டம் இடைவெளி விடாமல் படித்து, ஒவ்வொன்றிலும் தங்கப் பதக்கம் வாங்கியவர். எல்லாரும் அவரைப் பதக்கம் என்றே அழைத்தார்கள். நோயாளியின் சம்மதத்தைப் பற்றி அவர் எழுதியிருந்த ஆய்வேடு அறுநூறு பக்கம். சிவப்புத் தண்ணீரைப் பார்த்தால் அவருக்கு மயக்கம் வரும் என்பதால், சுவரைப் பார்த்தபடி நின்று மதிப்பெண் போட்டார்.

வலிக்காதக்கா பட்டையைக் கட்டினாள், தட்டினாள், குழாயை நிரப்பினாள். நான்கு விநாடி. மதிப்பெண் பூஜ்யம்.

"எதுக்கு சார்?"

"நீங்க யாருன்னு அந்தக் கைகிட்ட சொல்லவே இல்லையே."

"அது ரப்பர் சார்."

"ரப்பர்ங்கறதால அதுக்குக் கண்ணியம் இல்லைன்னு நினைக்கறீங்களா?" பதக்கம் சுவரை நோக்கி வருத்தத்தோடு தலையசைத்தார். "அதோட, வலிக்குமான்னு கேக்கலை. வேண்டாம்னு சொல்ல அதுக்கு நேரம் கொடுக்கலை. முழு மதிப்பெண் வாங்கினவங்க எல்லாம் குறைஞ்சது நாப்பது நிமிஷம் பேசியிருக்காங்க."

"அவங்க ரத்தம் எடுத்தாங்களா?"

"அதுவரைக்கும் யாரும் போகலை. கை இன்னும் சம்மதம் சொல்லலை."

மறுதேர்வில் அவள் ரப்பர் கையிடம் தன் குடும்பக் கதை முழுவதையும் சொன்னாள். ரப்பரிடம் சொல்வது எளிதாகத்தான் இருந்தது. தொண்ணூற்றாறு வாங்கினாள்.

பட்டமளிப்பு நாளில் துறைத் தலைவர் தங்கச் சரிகை அங்கியோடு மேடையேறினார். சோதனையின் முடிவை அன்றுதான் அறிவித்தார்.

"நாற்பது பேரையும் தேர்வு வைத்து, உறையைத் திறக்காமலே அறைக்கு அறை ஒப்பிட்டுப் பார்த்தோம். நிஜமான படிப்பு படித்த இருபது பேருக்கும், டம்மிப் படிப்பு படித்த இருபது பேருக்கும் இடையே எந்த வித்தியாசமும் இல்லை!" கைதட்டல் வருவதற்காக நிறுத்தினார். வராததால் தொடர்ந்தார். "சிலர் இதைத் தோல்வி என்று நினைக்கலாம். இல்லை நண்பர்களே. உலகத்தில் வேறு எந்த நிறுவனமும் எங்கள் அளவுக்குத் தரமான டம்மியைத் தயாரித்ததில்லை. நாற்பது ஆண்டு அனுபவம் இல்லாமல் இது வருமா?"

இந்த முறை கைதட்டல் வந்தது. முன்வரிசையில் இருந்த பேராசிரியர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

வலிக்காதக்காவின் சான்றிதழ் கெட்டியான தாளில், பொன்னிற எழுத்தில் இருந்தது. 'இதைப் பெறுபவர் முதுநிலைப் பட்டத்தையோ, அதிலிருந்து வேறுபடுத்தி அறிய முடியாத ஒன்றையோ பெற்றுள்ளார் என இதனால் சான்றளிக்கப்படுகிறது.'

நிர்வாக அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார்.

"'பெற்றுள்ளார்'னு இருந்தா போதும்மா, மேல அனுப்பிடுவேன். இந்த 'ஒன்றையோ'தான் உதைக்குது. உங்களுக்கு நிஜம்தான்னு அவங்ககிட்ட ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. மாசக் கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிக்கறேன்."

உறையைத் திறப்பதென்றால் அறநெறிக் குழு கூட வேண்டும். பதினொரு பிரதிகளில் விண்ணப்பம் கொடுத்து, இருபது நாள் காத்திருந்து, ஒரு நீள மேசையின் கடைக்கோடியில் போய் உட்கார்ந்தாள். ஏழு உறுப்பினர்கள். அதில் பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர், துறைத் தலைவரின் மச்சான். பொதுமக்களில் அவரும் ஒருவர் என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை.

"உறையைத் திறந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்றார் துறைத் தலைவர். "டம்மி வாங்கின இருபது பேருக்கு அது டம்மின்னு தெரிஞ்சுடும். அவங்க மனசு என்ன பாடுபடும்? யாருக்கும் தீங்கு செய்யக் கூடாதுங்கறதுதான் எங்க முதல் விதி."

"எனக்கு வேலை போகுது சார். நாளன்னைக்குக் கோப்பறைக்குப் போகச் சொல்லிட்டாங்க. அது தீங்கு இல்லையா?"

குழு ஒருவர் காதை ஒருவர் கடித்துக்கொண்டது. துறைத் தலைவர் கனிவாகவே பதில் சொன்னார்.

"தீங்குதான். யார் இல்லைன்னா? ஆனா அது எங்க ஆய்வுக்கு வெளிய நடக்கற தீங்கு. உள்ள நடக்கற தீங்குக்குத்தான் எங்களால பொறுப்பேத்துக்க முடியும். உள்ள எதுவுமே நடக்கலையே!"

"எல்லாருக்கும் வேண்டாம் சார். என் ஒரு பேரை மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

"உங்க ரகசியத்தை நாங்க யார்கிட்டயும் சொல்ல முடியாது."

"நான்தான் சார் அது!"

"யாரா இருந்தாலும்" என்றார் துறைத் தலைவர். மச்சான் தலையசைத்து ஆமோதித்தார். தேநீர் வந்தது. அவளுக்கும் ஒரு கோப்பை வைத்தார்கள், அதைக் குடிப்பதற்கான படிவத்தோடு. வலிக்காதக்கா படிவத்தை நான்காக மடித்துக் கோப்பையின் மேல் மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

அந்த மாதக் கடைசியில் அவள் கோப்பறைக்குப் போனாள். பன்னிரண்டாம் எண் அறைக்குப் பதக்கம் வந்தார். அவருடைய முனைவர் பட்டம் எந்தச் சோதனைக்கும் உட்படாதது, ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லாதது. அறைக்குப் புது வண்ணம் பூசினார்கள். 'நோயாளி கண்ணிய மையம்' என்று பலகை மாட்டினார்கள்.

முதல் நாள் காலை வரிசையில் எண்பது பேர் நின்றார்கள். பதக்கம் முதல் நோயாளியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பிறகு ரத்தம் என்பதன் பொருளை விளக்கினார். வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பற்றி அவர் சொன்ன விதத்தில், நோயாளிக்கே கண்ணீர் வந்தது; அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இரண்டாமவர் சம்மதித்தார். பதக்கம் ஊசியை எடுத்தார். பிறகு நோயாளிதான் அவரைத் தாங்கிப் பிடித்து, நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

மூன்றாவதாக நின்றவர் தையல்காரர். வலிக்காதக்காவை எங்கே மாற்றினார்கள் என்பதை வரிசையிலேயே விசாரித்துவைத்திருந்தவர் வெளியே வந்து, எதிரில் வந்த துப்புரவுப் பெண்மணியிடம், "கோப்பறை எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

கீழ்த்தளத்தில், அலமாரிகளுக்கு நடுவே, தூசி தட்டும் துணியோடு நின்ற வலிக்காதக்கா அவரைப் பார்த்துப் பதறிப்போனாள். "நீங்க எதுக்கு ஐயா இங்க வந்தீங்க? நான் தொடக் கூடாது. எழுத்துலயே கொடுத்துட்டாங்க."

"நீ தொடாதே. நான் கையை வைக்கறேன். நீ ஊசியைப் பிடிச்சிட்டு நில்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அவருக்குப் பின்னாலேயே படிகளில் இன்னும் பலர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நிர்வாக அதிகாரிக்குச் செய்தி போய், அவரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். வரிசையைப் பார்த்தார். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். மேலே அன்று ஒரு குழாய்கூட நிரம்பவில்லை. மூன்று மாடி டாக்டர்களும் ரத்தப் பரிசோதனை முடிவு எங்கே என்று போனில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பாருங்கம்மா. கோப்பறையில ரத்தம் எடுக்க அனுமதி கிடையாது. அதுல மாத்தமே இல்லை. ஆனா யாராவது தன்னோட கோப்பைத் தேடி வந்து, வந்த இடத்துல கையில ஏதாவது குத்தி ரத்தம் வந்துட்டா, அது விபத்து." அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு நீளப் புத்தகத்தை இழுத்துத் தூசி ஊதினார். "விபத்துக்குன்னு தனிப் பதிவேடு இருக்கு. சுற்றறிக்கையில அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

"கண்ட இடத்துல எடுக்கக் கூடாது சார். புண்ணு சீழ் வச்சுடும்."

"அப்போ நல்ல இடமாப் பண்ணுங்க."

அவள் ஓர் அலமாரி வரிசையையே காலி செய்தாள். மேசையையும் தரையையும் கிருமிநாசினி போட்டு இரண்டு முறை துடைத்தாள். மேலேயிருந்து பழைய நாற்காலியும் ரப்பர் பட்டையும் வந்து சேர்ந்தன. அன்று முதல் பெரிய மருத்துவமனையின் கோப்பறையில் நாளொன்றுக்கு எண்பது விபத்துகள் நடந்தன. எல்லாம் ஒரே மாதிரி, இடது முழங்கை மடிப்பில். சிந்திய ரத்தம் முழுவதும், ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழாமல், பெயர் ஒட்டிய குழாய்களுக்குள் போனது.

அறநெறித் துறை சும்மா இருக்கவில்லை. ஆறு மாதம் கழித்து நோயாளி கண்ணிய மையத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மையம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே ஒரு நோயாளிக்குக்கூட வலித்ததில்லை. ஒருவருக்கும் கை வீங்கவில்லை. சம்மதமில்லாமல் ஒரு துளி ரத்தம் எடுக்கப்படவில்லை. அதே கட்டடத்தின் கோப்பறையிலோ விபத்து விகிதம் கவலை தரும் அளவில் இருக்கிறது. பட்டம் இல்லாதவர்களை வேலைக்கு வைத்தால் இதுதான் நடக்கும். பதக்கத்துக்கு இன்னொரு பதக்கம் கிடைத்தது.

அறிக்கை வந்த மறுவாரம் துறைத் தலைவருக்குச் சர்க்கரை எகிறியது. காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதித் தந்திருந்தார். பன்னிரண்டாம் எண் அறையைத் தாண்டும்போது கதவு திறந்திருந்தது. புது வண்ணம், பூச்சாடி, அடுக்கி வைத்த படிவங்கள், மேசைக்குப் பின்னால் அவருடைய தலைமாணவர். பதக்கம் ஆனந்தத்தோடு எழுந்து நின்றார்.

"சார்! நீங்களா! வாங்க சார்!"

"இல்லப்பா, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று துறைத் தலைவர் நடையை எட்டிப் போட்டார். படிகளில் இறங்கும்போதே வலது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார்.

கீழே அவருக்கு முன்னால் பதினேழு பேர். பின்னால் தையல்காரர். தன் முறை வந்தபோது துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தப் படிவத்தையும் எதிர்பார்க்கவில்லை. வலிக்காதக்கா அவரை அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தில் எதுவும் காட்டவில்லை.

"வலது கையா சார்? எல்லாரும் இடதுதான் கொடுப்பாங்க. ரத்தம் எடுக்கட்டுமா? சரின்னு சொல்லுங்க."

"சரி, சரி" என்றவர் குரலை இறக்கினார். "ஒரு விஷயம்மா. நான் இங்க வந்ததைப் பதிவு பண்ணணுமா? பேர் இல்லாம ஏதாவது..."

"பேர் ஒட்டலைன்னா குழாய் மாறிடும் சார். உங்க சர்க்கரை வேற யாருக்கோ போயிடும். அவங்க சர்க்கரைக்கு நீங்க மருந்து சாப்பிடணும்."

துறைத் தலைவர் பெயரைச் சொன்னார். பதவியை விட்டுவிட்டார். அவள் கேட்டு வாங்கி எழுதினாள்.

"விபத்து எப்படி நேர்ந்ததுன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

அவர் யோசித்தார். முப்பது வருடம் சம்மதத்தைப் பற்றியும் சுயமுடிவைப் பற்றியும் பேசியவர், பொருத்தமான ஒரு சொற்றொடருக்காகக் கூரையைப் பார்த்தார். நேரம் போனது. வரிசை அசைந்து முணுமுணுத்தது.

தையல்காரர் குனிந்து அவர் தோளைத் தொட்டார். "தவறி வந்துட்டேன்னு சொல்லிடுங்க சார். நாங்கள்லாம் அதைத்தான் சொல்றோம்."

"தவறி வந்துட்டேன்" என்றார் துறைத் தலைவர்.

"கொஞ்சம் சத்தமா சார். மின்விசிறி ஓடுது."

"தவறி வந்துட்டேன்!"

படிகளில் நின்ற கடைசி ஆள்வரைக்கும் அது கேட்டது. வலிக்காதக்கா அதைத் தன் குண்டு குண்டான எழுத்தில் எழுதி, அடியில் அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு, முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டி, இரண்டு தட்டு தட்டினாள்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லையே" என்றார் துறைத் தலைவர். பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்டு, அவள் பதிவேட்டைத் தையல்காரர் பக்கம் திருப்பினாள்.